பத்தொன்பது வயது அப்பா

திருமழிசை
நவம்பர் 10

லோகேஷ் அப்பாவுக்கு எழிலரசி எழுதுவது. இங்கு நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கிறது என்று அமல்ராஜ் சொன்னார். அது அப்படியே இருக்கட்டும்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் லோகேஷ் பெயரை எடுத்ததும் உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. வேறு எந்தப் பேச்சுக்கும் அப்படிப் போவதில்லை. அதனால் அமல்ராஜ் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். நார்த்தங்காய் ஊறுகாயும் வருகிறது. எதை முதலில் பிரித்தாலும் சரி.

குழந்தை பிறந்துவிட்டது. பெண். பூந்தமல்லி அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். ரோஷினி நன்றாக இருக்கிறாள். வலி வந்ததிலிருந்து கத்தவே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி, இந்தப் பெண்ணுக்கு வாய் பேச வராதா என்று என்னிடம் கேட்டாள். நர்ஸ் குழந்தையோடு வெளியே வந்து, அப்பா யார் என்று கேட்டார். லோகேஷ் திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தான். அப்புறம்தான் தன்னைக் கேட்கிறார்கள் என்று புரிந்து கையை நீட்டினான். இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயது. கோயிலில் தாலி கட்டினாலும், பதிவு செய்ய அவனுக்கு இருபத்தொன்று ஆகவேண்டும் என்கிறார்கள். அப்பா ஆவதற்கு மட்டும் யாரும் வயது கேட்கவில்லை.

ரோஷினி வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சேலத்துக்காரர்கள். திருமுல்லைவாயிலில் சொந்தமாக ஃபிளாட் வாங்கி வந்தவர்கள். அப்பா கார்த்திகேசன் சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலை. அம்மா ராதிகா வீட்டில்தான் இருக்கிறார். ஒரே பெண். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்த இடத்தில் நம் பையனைப் பார்த்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு எழுந்திருப்பது, படிப்பது, பாட்டு, டியூஷன் எல்லாம் நேரம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்குமாம். ஒருநாளும் அடித்ததில்லை, அதட்டியதில்லை. மார்க் குறைந்தால் சாப்பாட்டு மேசையில் யாரும் பேச மாட்டார்களாம். அவ்வளவுதான் தண்டனை. வயிற்றில் குழந்தை இருக்கிற விஷயத்தைச் சொன்னபோதும் யாரும் கத்தவில்லை. அவள் அப்பா லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, யோசிக்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு வீட்டில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. அது பொறுக்காமல்தான் பையை எடுத்துக்கொண்டு இங்கே வந்தாள்.

நம் வீட்டுக் கதை உங்களுக்குத் தெரியும். அன்று நான் லோகேஷைத் துடைப்பத்தால் அடித்தேன், தெருவே கேட்கிற மாதிரி அழுதேன், அப்புறம் அவளுக்குச் சோறு போட்டேன். தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "முடிஞ்சிடுச்சா ஆன்ட்டி?" என்று கேட்டாள். என்ன முடிந்ததா என்றேன். சண்டை என்றாள். எங்கள் வீட்டில் அப்படித்தான், முடிந்துவிடும், சாப்பிடு என்றேன். இன்றுவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கும் பழகிவிட்டது.

எனக்கும் பத்தொன்பதில்தான் லோகேஷ் பிறந்தான். அதைச் சின்ன வயது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. ஐந்து வகைச் சோறு கட்டி வந்து, முழங்கை வரை வளையல் அடுக்கினார்கள். உங்கள் அம்மா, என் அம்மா, உங்கள் அக்கா, பக்கத்து வீட்டு ராணி என்று ஒரு குழந்தைக்கு எட்டுக் கைகள் இருந்தன. இப்போது உங்கள் அம்மா இல்லை. என் அம்மா அண்ணன் வீட்டில் படுக்கையில் இருக்கிறார். அக்காவும் ராணியும் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். ஏழாம் மாதத்தில் நானே பூந்தமல்லியில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்து ரோஷினியிடம் கொடுத்தேன். "தேங்க்யூ ஆன்ட்டி" என்று வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். அது எதற்கென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லைபோல.

அவளுக்குத் துணை அவள் போன்தான். எத்தனை மணிக்குப் பால், எந்தப் பக்கம் படுக்க வைப்பது, எல்லாம் அதில் பார்க்கிறாள். நான் குழந்தைக்குக் காதில் எண்ணெய் விடப் போனேன். கூடாது என்று குறுக்கே கையை வைத்தாள். டாக்டரம்மாவும் கூடாது என்றே சொன்னதால் விட்டுவிட்டேன். ஆனால் குழந்தையைத் தூக்கும்போது கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குகிற மாதிரி தூக்குகிறாள். லோகேஷ் அதற்கு நேர்மாறு. குழந்தை சிரித்தால் அவனுடையது, அழுதால் அவளுடையது. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறான். ஈரத்துணி என்றால் காணாமல் போய்விடுகிறான்.

ரோஷினி வீட்டில் ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று மட்டும் செய்தி வந்திருக்கிறது. எதற்கு என்று தெரியவில்லை.

மழை நன்றாகப் பெய்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறப்பார்கள் என்கிறார்கள். சமையலறைக் கூரை ஒழுகுகிறது. படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். மூக்கு உங்களுடையது.

எழிலரசி

&nbsp;

திருமழிசை
டிசம்பர் 15

லோகேஷ் அப்பாவுக்கு,

கடிதம் உங்கள் கையில் கிடைத்தது என்று அமல்ராஜ் சொன்னார். நீங்கள் சொல்லவில்லை. ஆனால் போனில், உங்கள் கம்பெனியில் ஸ்டோருக்கு ஆள் எடுக்கிறார்கள், லோகேஷுக்கு விசாவுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றீர்கள். அவன் பெயரை நீங்களாகச் சொன்னது இந்த ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை. அவனிடம் சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பாலிடெக்னிக்குக்குப் போவது நின்றுவிட்டது. இப்போது செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு குடோனில் பார்சல் பிரிக்கிற வேலைக்குப் போகிறான்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். ஒருநாள் எங்கள் கம்பெனியில் கரண்ட் போய், பேக்கிங் பிரிவை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். தெரு முனையிலேயே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் பாயின்மேல் குழந்தை கிடக்கிறது. இரண்டு பக்கமும் தலையணை. அழுது அழுது குரலே இல்லை. வீட்டில் யாரையும் காணோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். ரோஷினி தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "இன்னாடி இது, கொயந்தய தொண்ட வத்த அழவுட்டு இங்க வந்து ஒக்காந்துகினு கீற?" என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்க்காமலே பதில் சொன்னாள். "ரொம்ப நேரமா நிறுத்தவே இல்ல ஆன்ட்டி. என்னையறியாம கை ஓங்கிடுச்சு. அடிச்சிடுவேனோன்னு பயந்துட்டேன். அதான் கீழ வச்சிட்டு, உருளாம தலகாணி போட்டுட்டு, இங்க வந்துட்டேன்."

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குமேல் நான் எதைத் திட்டுவது? அப்படி வைத்துவிட்டு வரவேண்டும் என்று யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் தாழ்கிறவரை உட்கார்ந்திருந்தோம். குழந்தை என் தோளில் தூங்கிவிட்டது. ரோஷினி கையை வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டாள். உள்ளங்கை முழுவதும் சிமெண்டுத் தரையின் தடம்.

தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் சொன்னேன். தூக்கமில்லாத தாய்க்கு இப்படி வருவதுண்டு, அவள் செய்தது சரிதான், தனியாக மட்டும் விடாதீர்கள் என்றார். தனியாக விடாமல் இருக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? நான் எட்டு மணிக்குக் கம்பெனி வேன் ஏறுகிறேன். அவன் அதற்கும் முன்னால் போய்விடுகிறான்.

இதற்கு நடுவில்தான் கார்த்திகேசனும் ராதிகாவும் வந்தார்கள். கார்த்திகேசன் நல்ல மனிதர். பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, ஆபீஸில் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார். "யாரையும் குறை சொல்ல வரலைங்க. ரெண்டு பேருமே குழந்தைங்க. அவங்க பண்ணினதை நாமதான் சரி பண்ணணும்" என்றார். ராதிகாவின் தங்கை அகல்யாவுக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகக் குழந்தை இல்லை. ஓசூரில் புருஷன் பெண்டாட்டி இருவரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். அவர்கள் குழந்தையை முறைப்படி தத்து எடுத்துக்கொள்வார்கள். வக்கீலிடமும் பேசியாகிவிட்டது. ரோஷினி வீட்டுக்கு வந்து விட்ட கல்லூரிப் படிப்பைத் தொடரலாம். லோகேஷும் டிப்ளமோ முடிக்கலாம். பிறகு இருவருக்கும் இதே எண்ணம் இருந்தால் வயது வந்தபின் பார்க்கலாம். எல்லாவற்றையும் யோசித்துத்தான் வந்திருந்தார். குழந்தையை ஒருதடவை பார்த்தார். அதன்பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கிளம்பும்போது ராதிகா தூளி அருகில் நின்று, குழந்தையின் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்து, வேர்த்திருக்கிறது என்று போர்வையை விலக்கினார். வெளியேயிருந்து புருஷன் கூப்பிட்டதும் போய்விட்டார்.

முடியாது என்று நான் உடனே சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நானும் யோசிக்கிறேன். எனக்கு முப்பத்தொன்பது ஆகப்போகிறது. இன்னொரு குழந்தையை முதலிலிருந்து ஆரம்பிக்கத் தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. குழந்தை இல்லாதவர்கள் வீட்டில் அது இளவரசியாக வளரும் என்றும் தோன்றியது. அது தோன்றிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லோகேஷைக் கேட்டேன். "அவ இன்னா சொல்றாளோ அதான்மா" என்றான். ரோஷினி கொஞ்ச நாள் வேண்டும் என்றிருக்கிறாள்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். போனில் சொன்னாலும் சரி.

எழிலரசி

&nbsp;

திருமழிசை
பிப்ரவரி 9

லோகேஷ் அப்பாவுக்கு எழிலரசி எழுதுவது.

பெரியவர்கள் சொல்கிறபடி செய்துவிடுங்கள் என்று நீங்கள் போனில் சொன்னதை ரோஷினியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. பொங்கல் கழிந்ததும் அவளே சரி என்று சொல்லிவிட்டாள். அழவில்லை. "சித்தி நல்லா பாத்துப்பாங்க. என்னை மாதிரி பயந்துக்கிட்டுத் தூக்க மாட்டாங்க" என்றாள்.

அதற்கு அடுத்த ஞாயிறே எல்லோரும் வந்தார்கள். அகல்யாவை எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. குழந்தைக்குக் கீறிவிடும் என்று நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். மோதிரம் போட்டிருந்த தடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. குழந்தை அவர் கைக்குப் போனதும் அழவில்லை. அவர் புருஷன் இளங்கோ தன் கட்டைவிரலைக் குழந்தை பிடித்துக்கொண்டதும் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். ரோஷினி எதிரில் நின்று, பால் கொடுக்கிற நேரம், தூங்குகிற பக்கம், போட்ட ஊசி, போட வேண்டிய ஊசி எல்லாவற்றையும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். கார்த்திகேசன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். லோகேஷ் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு வாரைத் திருகிக்கொண்டிருந்தான்.

பிறகு குழந்தை பசித்து அழ ஆரம்பித்தது. புட்டிப்பால் கலக்க இளங்கோ வெந்நீர் கேட்டார். நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ரோஷினி சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டியிருந்தாள். சுடிதார் முன்பக்கம் நனைந்துபோயிருந்தது. துப்பட்டாவை இழுத்து மூடினாள். அதுவும் நனைந்தது. ஆண்கள் ஓசூர் போகிற வண்டி நேரத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அகல்யா மட்டும் பார்த்துவிட்டார்.

எழுந்து வந்து குழந்தையை ரோஷினி கையில் கொடுத்து, "நீ குடுடி" என்றார். உள்ளறைக்குக் கூட்டிப்போய், அவள் கொடுத்து முடிக்கிறவரை பக்கத்திலேயே இருந்தார். வெளியே வந்ததும் ராதிகாவைப் பார்த்து, "அக்கா, என்னால முடியாதுக்கா" என்றார். கார்த்திகேசன், இந்த நேரத்தில் இப்படித்தான் இருக்கும், இன்னொரு நாள் வரலாம், யோசிப்போம் என்றார். அகல்யா, "யோசிக்க ஒண்ணுமில்ல மாமா. எனக்குக் குழந்தை வேணும்தான். பால் கட்டி நிக்கிற பொண்ணுகிட்ட இருந்து வேணாம்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனார். முகம் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. வாங்கிவந்த பால்பவுடர், சின்னச் சட்டை எல்லாவற்றையும் இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ரோஷினிக்குச் சந்தோஷம் என்று நினைக்காதீர்கள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "நான் சரின்னு சொன்னேன் இல்ல? நான் சொல்றத யாருமே கேக்க மாட்டீங்களா?" என்று கத்தினாள். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பிறகு லோகேஷிடம் திரும்பி, "நீ ஏன் வாயே திறக்கல?" என்று கேட்டாள். அவன், "நான் வேணாம்னு சொல்லிட்டு வேலைக்குப் பூடுவேன். பாத்துக்கப்போறது நீ. பாத்துக்கறவங்கதான சொல்லணும்" என்றான்.

"அப்ப நீ பாத்துக்க."

"சரி. பாத்துக்கறேன்."

வாய்க்கு வந்ததைச் சொல்கிறான் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் குடோனில் கேட்டு ராத்திரி ஷிஃப்டுக்கு மாறிவிட்டான். இப்போது ரோஷினி பாலை எடுத்து வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறாள். நான் வருகிறவரை அவன்தான். குழந்தை தூங்கினால் அவனும் தூங்குகிறான், அது எழுந்தால் எழுந்திருக்கிறான். கண் இரண்டும் குழி விழுந்துவிட்டது. முதல் வாரம் எனக்குக் கம்பெனிக்கு இருபது தடவை போன் செய்தான். இப்போது ஒன்றோ இரண்டோதான். மாடியில் துணி உலர்த்தும்போது எதிர்வீட்டுக் கன்னியப்பன், "இன்னா மாமே, பால் குடுக்கறதுதான் பாக்கியா?" என்று கேட்டிருக்கிறார். "அதையும் புட்டியில நான்தான் குடுக்கறேன், உனுக்கும் வோணுமா?" என்றானாம். நம் ஃபிரிட்ஜ் கதவிலும் ஒரு டைம்டேபிள் வந்துவிட்டது, ரோஷினி எழுதி ஒட்டினாள். அவன் அதில் ஒரு வரியும் பார்ப்பதில்லை. அதற்குச் சண்டை வருகிறது. சத்தமாகவே போடுகிறாள். சண்டை முடிந்ததும் சாப்பிடுகிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். இரண்டும் சின்னதுகள். எப்போது யார் களைத்துப்போவார்கள் என்று தெரியாது. கார்த்திகேசன் இன்னும் மகளோடு பேசவில்லை. ராதிகா மட்டும் புதன்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து, வீட்டுக்குப் போகிற நேரம் வரும்வரை குழந்தையை மடியை விட்டு இறக்குவதில்லை. லோகேஷ் அந்த நேரத்தில் தூங்கிக்கொள்கிறான். யாழினி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம்மைக் கேட்கவில்லை.

அமல்ராஜ் போன் செய்தார். விசா தயார், மெடிக்கலுக்குப் பையனை அனுப்பச் சொன்னார். லோகேஷிடம் சொன்னேன். "வேணாம்மா. நைனா போன்லயே அப்பாவா இருந்தாரு. என்னால அப்டி முடியாது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, குழம்பு ஊற்று என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். அவன் முதன்முதலில் நடந்தபோது போனைத் தரையில் வைத்து உங்களுக்குக் காலடிச் சத்தம் கேட்க வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கேட்கவில்லை, மறுபடி நடக்கச் சொல் என்றீர்கள். நீங்கள் வேண்டுமென்று போனவர் இல்லை. அது எனக்குத் தெரியும். அவனுக்கு அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

விசாவை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். பங்குனியில் லீவு கிடைத்தால் வாருங்கள். கிடைக்காவிட்டால் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கனமாக எதையும் தூக்காதீர்கள்.

இந்த வாரம் என் நம்பருக்குக் கூப்பிட வேண்டாம். லோகேஷ் நம்பருக்குக் கூப்பிடுங்கள். காலையில் கூப்பிட்டால் வீட்டில் அவன் மட்டும்தான் இருப்பான். முதல் தடவை எடுக்காமல் போகலாம். கோபம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பான், இரண்டு கையும் சோப்பாக இருக்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிடுங்கள்.

எழிலரசி